டார்ச் பிடிக்கிறவன் பேசக் கூடாது

இப்போதெல்லாம் ஒரு ஸ்க்ரூவை முடுக்குவதென்றால்கூட ஜனங்கள் எவனையாவது கேட்டுவிட்டுத்தான் முடுக்குகிறார்கள். கேட்கிற ஆள் பக்கத்து வீட்டுக்காரன் என்றாலும் பரவாயில்லை. திரையில் வருகிறவன். தாடியைச் சீவி, நகத்தில் அழுக்கு ஏறாமல், முதுகுக்குப் பின்னால் ஊதா விளக்கு எரிய உட்கார்ந்துகொண்டு, "ஹலோ நண்பர்களே" என்று பல்லைக் காட்டுகிறவன். அவன் சொல்வதை வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். வாழ்நாள் பூராவும் கையைச் சுட்டுக்கொண்டு வேலை கற்றவன் எதிரே நின்று சொன்னால், "ம்ம், சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனைத் தடவுகிறார்கள். நன்றியும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை டிரக்கை ஓட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகும்போது ரெய்னோ சல்மேலா இதைத்தான் நினைத்துக்கொண்டு போனார். மார்ச் மாதம். கனடாவில் தண்டர் பே என்கிற அந்த ஊரில் ரோட்டோரப் பனி கறுத்துப்போய், நாய் கக்கினது மாதிரிக் கிடந்தது. பக்கத்து சீட்டில் டூல் பாக்ஸ். அதன் மேல் பேக்கரியில் வாங்கிய பெர்ஷியன் பெட்டி. ரோஸ் கலர் ஐசிங் பூசின பன், மகளுக்குப் பிடிக்கும். மருமகனுக்கும் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தனக்கொன்று, மகளுக்கொன்று என்று இரண்டோடு நிறுத்தியிருந்தார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. முந்தின நாள் போனில் மகள் மர்யா வாய் தவறி, "கம்ப்யூட்டருக்குக் கார்டு வந்துடுச்சுப்பா, பவர் சப்ளையும் வந்துடுச்சு, நாளைக்கு அர்மான் மாட்டப்போறான்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். பவர் என்று ஒன்று வந்துவிட்டால் அது ரெய்னோவின் சமாச்சாரம். அந்த வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு வயரும் அவர் இழுத்தது. வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு முதியோர் அபார்ட்மென்டுக்குப் போன பிறகும், அங்கே ஒரு ஸ்விட்ச்சைத் தட்டினால், "இது யார் போட்டது தெரியுமில்ல?" என்று கேட்காமல் அவர் தட்டினது கிடையாது.

படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அப்புறம் காட்டில் மரம் வெட்டினார். அப்புறம் காகித மில்லில் மோட்டார் கழற்றுகிறவர்களுக்குக் கையாளாக இருந்தார். மில்லை விட்டு வெளியே வந்தால் ஊரில் உள்ள டிரக், படகு, பனி வண்டி எல்லாவற்றுக்கும் பாட்டரி வயர் போட்டுக் கொடுப்பார். பேங்கை நம்ப மாட்டார், டாக்டரை நம்ப மாட்டார், வானிலை சொல்கிற பெண்ணை நம்பவே மாட்டார். வயரை நம்புவார். பன்னிரண்டு வோல்ட் என்றால் பன்னிரண்டு வோல்ட். அதற்கு மேல் உலகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

பேஸ்மென்டில் மேஜை மேல் அந்த மெஷின் வயிறு திறந்து கிடந்தது. ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸ் காலி செய்தபோது சல்லிசாக விற்ற கம்ப்யூட்டர். கறுப்புத் தகரப் பெட்டி, பக்கத்தில் ஆபீஸ்காரன் ஒட்டின நம்பர் ஸ்டிக்கர் பாதி கிழிந்து நின்றது. மருமகன் அர்மான் அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். வடக்கே காப்பஸ்கேசிங் என்கிற ஊர்ப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன். வேலை முடிந்து வந்தால் விடிய விடிய கம்ப்யூட்டரில் சுடுகிற விளையாட்டு விளையாடுவான். அதற்காகத் தானே இரண்டு மெஷின் கட்டியிருந்தான். பெண்டாட்டி வைத்திருக்கிற ஆம்பளை ஒருத்தன் பொம்மைத் துப்பாக்கியால் பொம்மையைச் சுடுகிறானே என்று ரெய்னோவுக்குக் கல்யாணத்தன்றிலிருந்தே தாங்கவில்லை.

"வாங்க பெரியவரே," என்றான் அர்மான். தலையைத் தூக்கவில்லை.

"என்ன பஸ்காரரே, இன்னைக்கு எந்த ரூட்டு? தகர டப்பாவுக்குள்ளேயா?"

"ஆமா. கடைசி ஸ்டாப்புல இறங்கிக்கங்க."

மர்யா மாடிப்படியில் காபி டிரேயோடு நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரேயைப் பிடித்திருந்த கைகள் முட்டி முட்டியாக வெடித்து, சில இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் வேலை பார்த்த சமையலறை அலமாரிப் பட்டறையை மூடிவிட்டார்கள். அங்கே அவள்தான் படம் வரைகிறவள். மூடின பிறகு முதியோர் இல்லத்து லாண்டரிக்குப் போகிறாள். கிழடுகள் மூத்திரம் பெய்த பெட்ஷீட்டைச் சுடுதண்ணியில் அலசி, மருந்து போட்டு, மறுபடி அலசுவது. இப்போது வினிபெக்கில் ஒரு அலமாரிக் கம்பெனி, வீட்டிலிருந்தே வரையலாம் என்று சொல்லியிருந்தது. திங்கட்கிழமை காலையில் பரீட்சை. ஒரு சமையலறை அளவு கொடுப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவள் இங்கே வரைய வேண்டும், படத்துக்குள்ளேயே விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும், படத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் காட்ட வேண்டும். மெஷின் திக்கக் கூடாது. திக்கினால் வேறு ஆள். கம்பெனியின் ஆள் வெள்ளிக்கிழமையே தூரத்திலிருந்தபடி தங்கள் புரோகிராமை இந்த மெஷினில் ஏற்றி, பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். இனி படம் திக்காமல் ஓட வைக்கிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி.

"நல்ல கார்டுப்பா," என்றாள் மர்யா. "திங்கக்கிழமை மட்டும் நல்லபடியா முடிஞ்சா, அந்த லாண்டரிப் பக்கம் நான் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

ரெய்னோ கார்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார், மீன் வாங்குகிறவர் மாதிரி. "இதுக்கு எதுக்கு புது பவர் சப்ளை? உள்ள ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. சின்னது," என்றான் அர்மான். "ஆபீஸ்ல கணக்குப் போடறதுக்கும் லெட்டர் அடிக்கறதுக்கும் அது போதும். இந்தக் கார்டு நிறைய இழுக்கும். சொருகற இடத்துலேருந்து கிடைக்கற கரண்ட் இதுக்குப் பத்தாது, தனியா ஒரு வயர் வேணும். பழசுல அந்த வயரே கிடையாது. அதான் பெரிசா வாங்கினேன். மதர்போர்டு பிளக்கை வேற இந்தப் பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் ஊர்ல இல்லாத மாதிரி வெச்சிருக்கான், அதுக்கு ஒரு மாத்து வயரும் வாங்கியாச்சு."

"டிஸ்குக்குப் போற வயர்ல ஒரு கிளை எடுத்துக் குடுத்தா தீந்துது."

"குடுக்கலாம். உருகிடும்."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருமா? இல்ல, அந்த ஊதா விளக்குக்காரனா?"

அர்மான் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தான். "ஊதா விளக்குக்காரன் வீடு இன்னும் எரியல பெரியவரே. உங்க சினேகிதர் வெய்க்கோ படகுக்கு நீங்க வயர் போட்டீங்களே, அது எங்க இப்போ? ஏரிக்கு அடியிலயா?"

"அந்தப் படகு அவன் குடிச்சிட்டு ஓட்டினதால போச்சு!"

"எரிஞ்சுதானே போச்சு?"

ரெய்னோவுக்குக் காது மடல் சிவந்தது. கார்டை மேஜை மேல் வைத்தார். தொப்பியைத் தேடினார். தொப்பி தலையில்தான் இருந்தது. "சரி. இந்த வீட்டுல எனக்கு வேலை இல்ல. சுவத்துக்குள்ள ஓடற வயர் மட்டும் என்னுது, அதையும் பிடுங்கி வெளிய போட்டுடுங்க. நான் கிளம்பறேன்." கிளம்புகிறேன் என்றவர் டூல் பாக்ஸைத் தொடவும் இல்லை, படிப் பக்கம் திரும்பவும் இல்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த நாடகம் மர்யாவுக்கு மனப்பாடம். இவர் இப்போது போய்விட்டால் ராத்திரி போன் வரும், நாளை காலையில் போன் வரும், நெஞ்சு வலிக்கிறது என்று திங்கட்கிழமை பரீட்சை நடுவிலும் போன் வரும்.

"அப்பா, நீங்களே போடுங்க," என்றாள்.

"மர்யா!" என்றான் அர்மான்.

அவள் அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள். ரெய்னோவுக்குக் கேட்காது என்று நினைத்துத் தணிந்த குரலில் பேசினாள். கேட்டது. "போட்டுட்டுப் போகட்டும். ஒரு மணி நேர வேலை. நீ பக்கத்துல நில்லு, அது போதும். எனக்குத் திங்கக்கிழமை தலை தெளிவா இருக்கணும் அர்மான். உங்க ரெண்டு பேர் சண்டையை நான் இன்னிக்குக் கேக்க முடியாது. ஒரு வார்த்தை பேசாத. எனக்காக."

"மர்யா, இது விளையாட்டு இல்ல..."

"ஒரு வார்த்தைகூட."

ரெய்னோ டூல் பாக்ஸைத் திறந்தார். உள்ளேயிருந்து நீளமான டார்ச்சை எடுத்து மருமகன் கையில் வைத்தார். அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பன் காருக்கடியில் படுத்தால் பிள்ளை டார்ச் பிடிக்க வேண்டும். வெளிச்சம் ஆடக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. எது நடந்தாலும் தப்பு டார்ச் பிடித்தவன் பேரில். ரெய்னோ தன் அப்பனுக்குப் பிடித்து ஸ்பானரால் அடி வாங்கினவர். அவருக்குப் பையன் இல்லாததால் மர்யா பிடித்தாள், மூக்கைச் சிந்தச் சிந்தப் பிடித்தாள். நடு வயசில், மூக்குக்கண்ணாடியோடு, சொந்த பேஸ்மென்டில் நின்று டார்ச் பிடிப்பதற்கு அன்றைக்கு அர்மான் வாய்த்தான்.

"சட்டம் தெரியுமில்ல பஸ்காரரே? டார்ச் பிடிக்கிறவன் பேசக் கூடாது."

அர்மான் மர்யாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் டார்ச்சைப் போட்டான்.

ரெய்னோவின் விரல்கள் தடித்தவை, ஆனாலும் சுறுசுறுப்பானவை. பழைய சப்ளையைக் கழற்றி எறிந்தார். புதியது கச்சிதமாக உட்கார்ந்தது. மதர்போர்டுக்கு மாற்று வயரைக் கொடுத்தார், அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கார்டைச் சொருகினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. புதுச் சப்ளையின் முதுகில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. வேண்டிய வயரை அதில் சொருகி, மறு முனையை டிஸ்குக்கும் கார்டுக்கும் கொடுக்க வேண்டும். வயர்களெல்லாம் ஒரு பையில் தனியாக வந்திருந்தன. ரெய்னோ பையைப் பிரித்து ஒன்றை வெளியே இழுத்தார்.

கறுப்பு. இன்னொன்றை இழுத்தார். அதுவும் கறுப்பு. எல்லாமே கறுப்பு, தட்டையாக, ஷூ லேஸ் மாதிரி.

"இது என்ன கண்றாவி? எது ப்ளஸ், எது மைனஸ்? சாவு வீட்டுத் துணி மாதிரி எல்லாம் கறுப்பு. கலர் இல்லாத வயரு களவாணிப் பய வயரு." அதை மேஜைக்கு அடியில் தள்ளினார். "இரு."

முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி டிரக்குக்குப் போனார். அவர் போன நேரத்தில் அர்மான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னானோ என்னவோ. திரும்பி வரும்போது மர்யா, "வேண்டாம்னு சொன்னேன் இல்ல, வேண்டாம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் ரெய்னோ காதில் விழுந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மகள் தன் ரத்தம்.

அவர் கையில் ஒரு வயர்க் கொத்து. பனிக்கட்டி மேல் கல்லைத் தள்ளி விளையாடுகிற கர்லிங் கிளப்பில் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டபோது அதன் பவர் சப்ளையிலிருந்து உருவி வைத்தது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு. தடிமனான வயர். விரலால் உருட்டினால் உள்ளே செம்பு இருப்பது தெரிந்தது.

"இது வயரு," என்றார். "தொட்டுப் பாரு. அது நூலு."

டிஸ்குக்குப் போகிற வயரை எடுத்துப் புதுச் சப்ளையின் ஓட்டையில் வைத்து அழுத்தினார். கிளிக் என்று உட்கார்ந்தது. வார்த்துவைத்த மாதிரி. "பாத்தியா? இதுக்குன்னே செஞ்ச மாதிரி."

அர்மான் வாயைத் திறந்தான்.

"உஸ்!" என்றார் ரெய்னோ.

"அர்மான்," என்றாள் மர்யா படியிலிருந்து. கெஞ்சலாகக்கூட இல்லை, களைப்பாக.

அவன் வாயை மூடினான். ஆனால் வெளிச்சம் நகர்ந்தது. ரெய்னோவின் கையை விட்டு நகர்ந்து, புதுச் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கர் மேல் போய் நின்றது. அதில் சிவப்பில் ஒரு வரி இருந்தது.

"லைட்டு எங்க போகுது? கை மேல அடி."

வெளிச்சம் கைக்கு வந்தது. கார்டுக்குப் போகிற வயரை ரெய்னோ எடுத்தபோது மறுபடி அந்தச் சிவப்பு வரிக்கே போனது. போய், அங்கே சின்னதாக ஒரு வட்டம் போட்டது. ஸ்டிக்கரில் என்ன இருக்கப்போகிறது? தொடாதே, பிரிக்காதே, கோர்ட்டுக்குப் போனால் எங்கள் மேல் கேஸ் போட முடியாது. கம்பெனிக்காரன் ஒட்டுகிற எல்லாக் காகிதமும் அதுதான். ரெய்னோவின் கண்ணாடி நெற்றிக்கு மேல் இருந்தது. அதை இறக்கவில்லை.

"கை நடுங்குதா? குடிச்சிருக்கியா?" அர்மானின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்தைத் தன் விரல்மேல் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. "இங்க. இங்கயே. செத்தாலும் இங்கயே."

அதற்கு அப்புறம் வெளிச்சம் அசையவே இல்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது. இரண்டாவது வயரும் கிளிக் என்று உட்கார்ந்தது. ரெய்னோ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மருமகன் முகத்தில் என்றைக்கும் இருக்கிற அந்தச் சிடுசிடுப்பு இல்லை. அமைதியாக, சர்ச்சில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி இருந்தான். பரவாயில்லையே, பத்து வருஷம் கழித்தாவது இவனுக்குப் புத்தி வந்ததே என்று ரெய்னோ நினைத்தார். அந்த ஒரு நிமிஷம் மருமகனை அவருக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிற்று. இவனுக்கும் ஒரு பெர்ஷியன் வாங்கியிருக்கலாம்.

"முடிஞ்சுது. யார் பட்டன் அமுக்கறது?"

"நான்," என்றாள் மர்யா. இறங்கி வந்தாள். வெடித்த கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். திரும்பி அர்மானைப் பார்த்துச் சிரித்தாள், பார்த்தியா, சண்டையில்லாமல் முடிந்தது என்கிற மாதிரி. அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டார்ச் கையில் எரிந்துகொண்டிருந்தது.

அமுக்கினாள்.

விசிறி அரைச் சுற்றுச் சுற்றியது. உள்ளே டிக் என்று ஒரு சத்தம், உண்ணியை நகத்தால் நசுக்குகிற மாதிரி. விசிறி நின்றது. டிஸ்க் இருந்த மூலையிலிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்து, நிமிர்ந்து, விளக்கைத் தேடிக்கொண்டு போனது. அப்புறம் நாற்றம். மீன் கருகி அதோடு பிளாஸ்டிக்கும் கருகின நாற்றம்.

அர்மான் குனிந்து சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

முதலில் பேசினவர் ரெய்னோ. "கார்டு கெட்டது. மட்டமான கார்டை உங்க தலையில கட்டிட்டான். நான் கையில வாங்கினப்பவே நினைச்சேன், எடையே இல்லையேன்னு."

"வயரு," என்றான் அர்மான். அவ்வளவுதான் சொன்னான்.

"என்ன வயரு?"

"இப்பப் பேசலாமா?" என்று மர்யாவைக் கேட்டான். "கார்டுக்குப் போற முனை, டிஸ்குக்குப் போற முனை, அதெல்லாம் எந்தக் கம்பெனி வயரானாலும் ஒண்ணுதான். சப்ளை பக்கத்து முனை அப்படி இல்ல. அங்க ஒவ்வொருத்தனும் தன் இஷ்டத்துக்கு வெச்சிருக்கான். ஓட்டை ஒரே மாதிரி இருக்கும், பொருந்தும், கிளிக்குன்னு உக்காரும். ஆனா எந்தக் கம்பி எங்க போகுதுன்னு மாறும். அஞ்சு வோல்ட் போற இடத்துல பன்னெண்டைக் குடுத்துட்டீங்க. அதான் அந்த சிவப்பு வரி. கூட வந்த வயரைத் தவிர வேற எதையும் போடாதேன்னு எழுதியிருக்கு."

"எறும்பு கண்ணு அளவுக்கு எழுதினா எவன் படிப்பான்?"

"நான் வெளிச்சம் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை."

"பொய். பொருந்தாத வயரு கிளிக்குன்னு உக்காராது. என் வாழ்நாள்ல உக்காந்தது கிடையாது."

அர்மான் ரெய்னோவின் டூல் பாக்ஸில் கைவிட்டு அவருடைய மீட்டரையே எடுத்தான். டிஸ்குக்குப் போட்டிருந்த கர்லிங் கிளப் வயரைப் பிடுங்கி, அதையும் கறுப்பு வயரையும் பக்கம் பக்கமாக மேஜைமேல் வைத்தான். கறுப்பு வயரில் ஒரு ஊசியை இந்த முனை ஓட்டையிலும் இன்னொன்றை அந்த முனை ஓட்டையிலும் வைத்தான். இரண்டு முனையும் ஒரே கம்பி என்று மீட்டர் கீச்சென்று கத்தியது. அதே ஓட்டைகளில் கலர் வயருக்கு வைத்தான். மீட்டர் ஊமையாக இருந்தது. ஊசியை அடுத்த ஓட்டைக்குத் தள்ளினான். கீச்சென்றது.

"மாறியிருக்கா?"

ரெய்னோ மீட்டரை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். "மீட்டரு போயிடுச்சு," என்றார். "குளிர்ல டிரக்குலயே கிடந்தா இப்படித்தான்."

அர்மான் சிரித்தான். அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தான். சிரிக்கும்போதுதான் மர்யாவைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

அவள் புகையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் பட்டன் அமுக்கறப்பவே தெரியும்."

"நீதான் ஒரு வார்த்தை பேசாதன்ன."

"என்னைப் பாத்து நீ சிரிச்சே."

"சிரிச்சது நீ. நான் சும்மா பாத்தேன்." அவன் டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தான். "பத்து வருஷமா இந்த வீட்டுல நான் வாயைத் தொறந்தா தப்பு மர்யா. அவர் பேசி முடிச்சதும் நீ என்னைத்தான் அடக்குவே. ஒரு நாளாவது நிஜமாவே பேசாம இருந்தா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியட்டும்னு விட்டேன்."

"திங்கக்கிழமை அவரோடது இல்ல," என்றாள் மர்யா. "என்னோடது."

அர்மான் அணைத்த டார்ச்சை மேஜை ஓரத்துக்குத் தள்ளினான். "அவர் கையிலதான் குடுக்கணும்னு நீதான் குடுத்தே," என்று கடைசியில் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கேட்டியா? வேணும்னே பண்ணியிருக்கான்!" ரெய்னோவுக்கு உயிர் வந்தது. "என்னிக்கோ சொன்னேன், இந்தப் பிரெஞ்சுக்காரன் உன்னை..."

"அப்பா. வாயை மூடுங்க."

அவள் போனை எடுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள். வினிபெக் கம்பெனியில் ஆள் எடுக்கிற ஃப்ரீசன் என்கிற அம்மாள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு கண்ணு என்று சொந்த நம்பரைக் கொடுத்திருந்தாள். மர்யா மெஷின் எரிந்ததைச் சொன்னாள். புரோகிராம் ஏற்றின டிஸ்கும் போய்விட்டது என்றாள். ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா, நாலு நாள், புதன்கிழமை வரைக்குமாவது என்று கேட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் தேன் மாதிரி இருந்தது. அமைதியான பேஸ்மென்டில் எல்லோருக்கும் கேட்டது.

"அடடா, என்ன கண்ணு இப்படி ஆயிடுச்சு! யாருக்கும் காயம் இல்லையே? நல்ல காலம். ஆனா பாரு, வீட்டுல உக்காந்து வேலை பாக்கறவங்கன்னா மெஷினைத்தானே நாங்க நம்பணும்? இன்னும் ரெண்டு பேர் வரிசையில இருக்காங்க, நல்ல பசங்க. உன் படமெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, அதைச் சொல்லியே ஆகணும். உடம்பைப் பாத்துக்கோ. நல்லா ரெஸ்ட் எடு."

"தேங்க்ஸ்," என்றாள் மர்யா. இந்த நாட்டில் கழுத்தை அறுத்தாலும் தேங்க்ஸ் சொல்ல வேண்டும்.

அடுத்து லாண்டரி சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை லீவு சொல்லியிருந்தேன், வேண்டாம், வருகிறேன் என்றாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். "இல்ல, அது நடக்கல," என்றாள் மர்யா. பிறகு, "சரி, மூணாவது மாடி ஷீட்டும் நானே எடுத்துக்கறேன்," என்றாள்.

ரெய்னோவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவருக்குத் தெரிந்த ஆறுதல் ஒரே மாதிரிதான். "லாண்டரியும் நாணயமான வேலைதான்," என்றார். "துணி எரியாது."

மர்யா எழுந்து வந்து அவருடைய டூல் பாக்ஸை மூடினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பெர்ஷியன் பெட்டியை அதன்மேல் வைத்தாள். "எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே கூப்பிட்டா மட்டும் வாங்க."

"நான் எப்ப கூப்பிட்டு வந்திருக்கேன்?"

"அதான் சொல்றேன்."

அவர் அர்மானைப் பார்த்தார். அவனாவது சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தார். அர்மான் எரிந்த டிஸ்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேலே பார்க்காமல், "ரொட்டி வாங்கணுமா?" என்று மர்யாவைக் கேட்டான். அவள் மெஷினையும் அவனையும் அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரெய்னோ கார்டுக்குப் போட்டிருந்த கர்லிங் கிளப் வயரைப் புதுச் சப்ளையிலிருந்து பிடுங்கினார். அது இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல வயர். இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக என்ன தலையெழுத்து?

வெளியே குளிர் மூக்கைக் கடித்தது. டிரக்கின் மூஞ்சியிலிருந்து, குளிரில் உறையாமல் எஞ்சினைச் சூடாக்குகிற வயர் வீட்டுச் சுவரில் சொருகியிருந்தது. அந்தப் பிளக்கும் அவர் போட்டதுதான். பிடுங்கிச் சுற்றி பம்பரில் தொங்கவிட்டார். மாடி ஜன்னலைப் பார்த்தார். திரை இழுத்து மூடியிருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சும்மா இருக்கிற வயர் மேல் பழியைப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எப்படிப் பொருந்தினது, எப்படி உட்கார்ந்தது! காது கேட்கிற எவனுக்கும் தெரியும். கார்டுதான் கோளாறு. கடையிலிருந்து வரும்போதே செத்துதான் வந்திருக்கும். அப்படி இல்லையென்றால் அந்தக் கிறுக்கன் பிடித்த டார்ச்சு ஆடினதில் கை தவறியிருக்கும். டிரக்கைப் பின்னால் எடுத்து ரோட்டில் இறக்கினார். முதல் சிக்னலில் நிற்கும்போது கோட்டுப் பையிலிருந்து வயரை எடுத்து, பிளக்கின் ஓட்டைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். "இருடா," என்று சொல்லிவிட்டு, வயரைப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு போனார்.